புதுமாட்டுக் கொட்டகையில் குடியிருந்தவன்

பண்ணையைப் பார்க்க வருகிறவர்களை நான் நேரே பெரிய தொழுவத்துக்குத்தான் கூட்டிப்போவேன். இரண்டு பக்கமும் மாடு நிற்கும், நடுவில் தீவன வண்டி போகும், கழுவின தண்ணீர் தானாக ஓடிக் குழியில் விழும். தரை போடும்போது ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத்தான் சரிவு வைத்தேன். இன்றுவரை ஒரு சொட்டு தேங்கியதில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது என்றால் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம், வந்து தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும்.

அடுத்தது பால் அறை. வீட்டுக்கு முந்திக் கட்டியது அது. சுவரில் ஓடு பதித்து, கதவுக்கு வலை அடித்து, ஈ நுழையாமல் வைத்திருந்தால்தான் பால் எடுப்போம் என்று கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் பாலுக்கு வழவழப்பான அறை, எனக்கும் என் மனைவிக்கும் வைக்கோல் கொட்டகையில் ஒரு மூலை என்று ஆரம்ப காலம் கழிந்தது. "அடுத்த பிறவியில பாலாப் பொறக்கணும்" என்பாள் அவள். பிறகு கன்றுகளுக்கு ஓர் அறை, தீவனக் கொட்டகை, மோட்டார் அறை, கடைசியாகத்தான் வீடு. பிழைக்க வந்த நாட்டில் அடுத்தவன் தொழுவத்தில் சாணி அள்ளியவன், பத்து வருடத்துக்குள் தன் சாணியைத் தானே அள்ளுகிற நிலைக்கு வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தன் மாட்டுச் சாணிக்கு ஒரு வாசனை உண்டு.

எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிற சின்னக் கட்டடத்தைக் கை காட்டி, "அது என்னங்க?" என்று கேட்பார்கள். "புதுமாட்டுக் கொட்டகை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்துவிடுவேன்.

நம் சங்கத்து மலருக்குப் பண்ணைக் கதை எழுதித் தரச் சொன்னார்கள். என் கதையை எழுதினால் மலர் போதாது, தனியாகப் புத்தகம் போடவேண்டியிருக்கும். அது இருக்கட்டும். அந்தச் சின்னக் கொட்டகையைப் பற்றியும், அதில் குடியிருந்த என் மச்சானைப் பற்றியும் எழுதுகிறேன். என் மனைவியின் தம்பி.

கொட்டகை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தையில் வாங்கிய மாட்டை அன்றைக்கே மந்தையோடு கட்டக்கூடாது. அதன் மூச்சில் என்ன சீக்கு இருக்கிறது என்று நெற்றியில் எழுதியிருக்காது. தனி இடத்தில் கட்டி, தனி வாளி, தனி விளக்குமாறு, தனி ரப்பர் பூட்ஸ் வைத்து, மாட்டு டாக்டர் வந்து சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது வாய்க்கால் பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவேண்டும். இதை நான் சாணி அள்ளிய பண்ணையில் கற்றுக்கொண்டேன். அந்தப் பண்ணைக்காரர் திட்டோடு சேர்த்துக் கொடுத்த ஒரே நல்ல விஷயம்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் மாட்டைவிட மனிதர்கள்தான் அதிகமாக வந்து இறங்கினார்கள். நான் ஒருவன் கால் ஊன்றிவிட்டேன் என்று தெரிந்ததும் என் தம்பி வந்தான். அவனுக்குப் பின்னால் சித்தப்பா மகன். பிறகு தம்பி மனைவியின் அக்கா குடும்பம். எங்கே படுக்கவைப்பது? அந்தக் கொட்டகையில் குழாய் இருந்தது, வடிகால் இருந்தது, தாழ்ப்பாள் போட்ட கதவு இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தம்பி சுவரில் ஓர் அலமாரி அடித்தான். சித்தப்பா மகன் ஜன்னல் வைத்தான். தம்பி மனைவியின் அக்கா மஞ்சள் வண்ணம் பூசி, திரை தொங்கவிட்டாள். ஒவ்வொருவரும் வேலை தேடிக்கொண்டு வெளியே போகும்போது, கொட்டகை கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிக்கொண்டே வந்தது. அந்தக் காலங்களில் புதுமாடு வாங்காமல் தள்ளிப்போடுவோம். தள்ள முடியாதபோது வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் நிறுத்துவோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததையே நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக வந்தவன் மச்சான். வயது முப்பதைத் தாண்டி, கல்யாணம் ஆகி, மனைவியோடு வந்தான். தையல்காரன். ஆண்பிள்ளைச் சட்டைக்குக் காலர் வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று என் மனைவி சொல்லுவாள். இங்கே காலருக்கு யார் வந்தார்கள்? முதல் நாள் பசு தும்மியதற்கு மூன்றடி பின்னால் குதித்தான். நான்தான் மடியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருடத்தில் என் தம்பியைவிட நன்றாகக் கறந்தான். பழைய சாக்குகளை வெட்டித் தைத்து, குளிர் காலத்தில் கன்றுகளுக்கு மேல்சட்டை போட்டுவிட்டான். கழுத்தில் நாடா, வயிற்றுக்கடியில் பித்தான். கன்றுகள் பள்ளிக்கூடம் போகிற மாதிரி நிற்கும்.

மற்றவர்கள் கொட்டகையிலிருந்து சில மாதங்களில் கிளம்பினார்கள். தம்பி எங்கள் வீட்டுக்கே மாறிவிட்டான். இவன் கிளம்பவில்லை. தொழுவ வேலைதான் அவன் வேலை என்று ஆகிவிட்டதால், கிளம்பவேண்டிய அவசியமும் வரவில்லை. அதனால் அவனுக்குப் 'புதுமாடு' என்றே பெயர் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் என் தம்பி ஆரம்பிப்பான்.

"என்னடா புதுமாடு, டாக்டர் இன்னும் உன்னப் பாக்கலையா? எப்பத்தான் உள்ள விடறது?"

"பாத்துட்டாரு. பல்லெல்லாம் நல்லா இருக்காம். கறவைதான் கம்மியாம்."

"வித்துர வேண்டியதுதான்."

"வாங்கறவனுக்கும் கண்ணு இருக்குமில்ல" என்பாள் மச்சான் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. மச்சான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பான்.

அவன் மனைவிக்கு அந்தக் கொட்டகையில்தான் முதல் குழந்தை வயிற்றில் தங்கியது. ஆண் குழந்தை. பிறந்து வீட்டுக்கு வந்த சமயத்தில் எனக்குக் குடலிறக்கம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். ஆயுளில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவனில்லை நான். என் மனைவி என்கூட இருந்தாள், தம்பி பால் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தான். பண்ணையில் மச்சான் ஒருவன்தான்.

அதற்கு முன்பே சந்தையில் இரண்டு பசுக்களைப் பேசி முடித்திருந்தேன். அடுத்த மாதம் கொண்டுவந்தால் போதும் என்று வியாபாரியிடம் சொல்லியிருந்தேன். அவர் லாரி இந்தப் பக்கம் காலியாக வந்ததாம், ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மழை. இரண்டு மாட்டையும் வாசலில் இறக்கிவிட்டு அவர் போய்விட்டார். தார்ப்பாய் காற்றில் கிழிந்து கிடந்தது. புதுமாட்டுக் கொட்டகையில் அடுப்பு எரிகிறது, கொடியில் குழந்தைத் துணி காய்கிறது, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாள். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். என் மனைவி எடுத்தாள்.

"அக்கா, மாடு வந்திருச்சு. எங்க கட்டறது?"

"எங்கயாவது கட்டுடா. இங்க டாக்டர் வந்துக்கிட்டிருக்காரு."

அவன் பெரிய தொழுவத்தின் கடைசிக் கட்டுத்தறியில் கட்டினான். மழையில் நனைந்த மாட்டை வேறெங்கே கட்டுவான்? பிறந்த குழந்தையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் மாட்டைக் கட்டுவானா? சந்தையில் சிலர் இன்றைக்கும் ஒரு மாதிரி பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தபோது மழை பெய்யவில்லை போலிருக்கிறது. நான் எழுந்து நடக்கத் தொடங்கித் தொழுவத்துக்குப் போனபோது, அந்த இரண்டும் பக்கத்து மாடுகளோடு சேர்ந்து ஒரே உப்புக்கட்டியை நக்கிக்கொண்டிருந்தன.

சில மாதம் கழித்து, வழக்கமான காசநோய்ச் சோதனைக்கு டாக்டரம்மா வந்தார். மாட்டுக்கும் அந்த நோய் உண்டு. கழுத்தில் கொஞ்சம் மயிரைச் சிரைத்து, தோலுக்குள் ஊசி போடுவார். மூன்றாம் நாள் வந்து அதே இடத்தைத் தடவிப் பார்ப்பார். தடித்திருந்தால் நோய். எங்கள் பண்ணையில் அதற்கு முன் ஒரு தடிப்பு வந்ததில்லை. அந்த மூன்றாம் நாளும் நான் வாசலில் நின்று அடுத்த பண்ணைக்காரருக்கு என் தரைச் சரிவைப் பற்றி விளக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

"நான் நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லுங்கம்மா."

"புதுசா வந்ததுல ஒண்ணுக்குத் தடிச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல நின்ன நாலுக்கும்."

"மருந்த எழுதிக் குடுங்க. எத்தனை வேளைன்னாலும் நானே குடுத்துடறேன். என் கையில பொழைக்காத மாடு கிடையாது."

"இதுக்கு மருந்து குடுக்க அனுமதி இல்லைங்க ஐயா. தடிச்சத அறுப்புக்கு அனுப்பிடணும். மிச்சத்த ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "வந்தப்ப எங்க தனியா வெச்சிருந்தீங்க?"

மச்சான் ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அங்க நான் குடியிருக்கேன் டாக்டரம்மா" என்றான்.

அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கொடியில் சின்னச் சின்னத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. கையைக் கழுவ வெந்நீர் கேட்டார்.

பால் கம்பெனி லாரி வருவது நின்றுபோனது. லாரி நின்றால் மாடு சுரப்பதை நிறுத்துமா? கறக்காமல் விட்டால் மடி வீங்கிவிடும். காலையும் மாலையும் வழக்கம்போலக் கறந்தோம். கறந்ததை வடிகாலில் ஊற்றினோம். நான் வைத்த சரிவில் பால் ஒரு சொட்டு தேங்காமல் ஓடிப்போய்க் குழியில் விழுந்தது. என் மனைவி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். மச்சான்தான் ஊற்றுவான். ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கம்பெனிக்காரன் பார்க்கப்போகிற மாதிரி பளபளவென்று கழுவிக் கவிழ்ப்பான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கழுத்தைத் தடவ ஆரம்பித்தான். ஊசி போடாத நாளில் தடவி என்ன தெரியும்? அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் விடிந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் கைவைத்துப் பார்த்துக்கொண்டே போவான். தைத்து முடித்த சட்டையில் சுருக்கம் இருக்கிறதா என்று நீவிப் பார்க்கிற கை அது. மாடுகளும் சுகமாகக் கழுத்தை நீட்டிக் காட்டும்.

எங்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சில் படம் எடுத்தார்கள். குழந்தைக்கு மட்டும், மாட்டுக்குப் போட்ட மாதிரியே, கையில் தோலுக்குள் சின்ன ஊசி. மூன்றாம் நாள் காட்டவேண்டும். அந்த மூன்று நாளும் மச்சான் குழந்தையின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அவன் மனைவிதான் கடைசியில் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க. தடவித் தடவியே செவக்க வெச்சிருவீங்க போலிருக்கு."

குழந்தைக்கு ஒன்றுமில்லை. எங்கள் எல்லாருக்குமே ஒன்றுமில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது என் தம்பி கொஞ்சம் தெம்பாகி, பழக்க தோஷத்தில், "புதுமாட்டக் கூப்பிடுங்க, சாப்பிடட்டும்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. எல்லாரும் தட்டைப் பார்த்தோம். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த மச்சான், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று தன் இடத்தில் உட்கார்ந்தான். சிரிக்க முயற்சி செய்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இரண்டாவது சோதனையில் இன்னும் ஒன்பது தடித்தன. அதில் ஒன்று நாங்கள் 'பெரியவள்' என்று கூப்பிடுகிற பசு. வைக்கோல் கொட்டகையில் படுத்திருந்த காலத்தில் நாங்கள் வாங்கிய முதல் மாட்டின் பேத்தி. மூன்றாவது சோதனையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. மொத்த மந்தையையும் எடுக்கவேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்றார் டாக்டரம்மா.

நான் விடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இந்த வட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. வாசலில் இருந்த ஆள் எழுந்து வணக்கம் சொன்னான். பெரிய அதிகாரி நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நான் அவர் ஆபீஸ் ஆட்களுக்கே எத்தனையோ தடவை மாடு வாங்கித் தந்திருக்கிறேன். அதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன். இது மட்டும் என் கையில இல்லைங்க" என்றார்.

"யார் கையில இருக்கு, சொல்லுங்க. அங்க போறேன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "யார் கையிலயும் இல்லைங்க. நோய் கையில இருக்கு" என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

லாரி வந்த அன்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். கால் வரவில்லை. பால் அறையில், காலியான தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சான்தான் ஒவ்வொன்றாக அவிழ்த்து நடத்திப்போனான். வந்த ஆட்கள் தடி கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு வேலையில்லை. அவன் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் செய்தால் மாடுகள் அவன் பின்னால் போகும். பெரியவள் மட்டும் லாரிப் பலகையில் காலை வைக்கமாட்டேன் என்று நின்றாள். இவன் கயிற்றை இழுக்கவில்லை. தானே முதலில் லாரிக்குள் ஏறிப்போய் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி வந்தான்.

அதற்குப் பிறகு நாலு வார காலம் தொழுவத்தைக் கழுவினோம். மருந்துத் தண்ணீர் அடித்து, சுண்ணாம்பு பூசி, மறுபடி கழுவி. கட்டடம் காலியாகக் கிடக்கவேண்டும் என்று உத்தரவு. ஒரு நாள் என் மனைவி அவனுக்குச் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எங்கயாவது கட்டுன்னு நான்தானேடா சொன்னேன்."

"நீ ஆஸ்பத்திரியில இருந்து சொன்னக்கா. கண்ணு எனக்குத்தானே இங்க இருந்துச்சு."

நான் குறுக்கே போனேன். "இப்ப உன்ன யாருடா என்ன சொன்னாங்க? ஒரு ஆளு பேரச் சொல்லு."

"யாரும் ஒண்ணும் சொல்லல அத்தான்" என்றான். "அதான்."

எத்தனையோ பஞ்சாயத்துப் பேசி முடித்தவன் நான். திட்டியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன். திட்டவும் வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் தம்பி அடித்த அலமாரியை மச்சான் கழற்றிக்கொண்டிருந்தான். திரை, திரைக் கம்பி, கொடி எல்லாம் ஏற்கெனவே வெளியே கிடந்தன. மஞ்சள் சுவரில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"டவுன்ல கார் கழுவற எடத்துல வேலை கேட்டிருக்காருண்ணே. ரூமும் பாத்தாச்சு. நீங்க சொல்லிப் பாருங்க. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

"டேய், மாடே இல்லாத பண்ணையில மாட்டுக் கொட்டகை எதுக்குடா? இரு. வீட்டுக்குள்ள வேணும்னா வந்து இரு. மேல ஒரு ரூம் போட்டுத் தர்றேன். ஒரு மாசத்துல போட்டுருவேன், என்னத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் அத்தான்" என்றான். "நீங்க மறுபடி மாடு வாங்குவீங்க. அப்ப இது காலியா இருக்கணும்."

ஆணிகளை எல்லாம் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டான். ஒரே ஓர் ஆணியை மட்டும் விட்டுவைத்தான். அதில் தனி வாளியை மாட்டினான். அதற்கடியில் தனி விளக்குமாறு, தனி ரப்பர் பூட்ஸ். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் சொன்ன மாதிரியே உத்தரவு முடிந்ததும் மாடு வாங்கினேன். விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கிற ஆள் நானில்லை. முதலில் மூன்று. இப்போது புதுமாட்டுக் கொட்டகையில் நிற்கின்றன. பெரிய தொழுவம் இன்னும் காலிதான். தண்ணீர் ஊற்றினால் நன்றாக ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். உள்ளே வருகிறவர்கள் கால் நனைப்பதற்கு மருந்துத் தண்ணீர்த் தொட்டி இப்போது வைத்திருக்கிறோம். அதில் நனைத்துக்கொண்டு வாடா என்றேன்.

"கார் கழுவற எடத்துல ஊர்ச் சேறெல்லாம் மிதிக்கிறேன் அத்தான். எந்தப் பண்ணை வண்டி எதக் கொண்டுவருதோ. இப்படியே நிக்கறேன்."

"உங்கக்கா உள்ள சமைச்சு வெச்சிருக்கா."

"இங்க குடுங்க, சாப்பிடறோம்."

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். நாங்கள் இந்தப் பக்கமும் அவர்கள் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு சாப்பிட்டோம். பையன் நன்றாக நடக்கிறான். கேட் கம்பிக்குள் தலையை விட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் பிறந்ததும் வந்து சேர்ந்த வீட்டைப் பார்த்தான். ஒரு பசு கதவுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"மா" என்று கையை நீட்டினான். கம்பிக்குள் நுழையப் பார்த்தான். மச்சான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தான். அவனே தைத்த சட்டை.

"கழுத்தப் பாத்தீங்களா அத்தான்?" என்று என்னைக் கேட்டான்.

"ஊசியே இன்னும் போடலையேடா. வியாழக்கிழமைதான் டாக்டரம்மா வர்றாங்க."

"சரி."

தட்டைக் கம்பிக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஆனாலும் அவர்கள் சாலையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நான் நின்றேன். திறந்தாலும் அவன் வரமாட்டான் என்று தெரியும். தாழ்ப்பாளைப் போடவும் இல்லை.